உருளியைத் தட்டையாக்கும் வெளிச்சம்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயத்துக்குப் போகும் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பித்தளை விளக்கு, வெண்கல உருளி, மரப்பெட்டி... பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் கடைக்குள் வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஃபிளாஷ் அடித்துவிடுகிறது. படத்தில் உருளியின் வயிற்றில் வெள்ளைப் பொட்டு, பின்னால் கும்மிருட்டு. காலம் போட்ட கீறலையும் களிம்பையும் காணோம். அவற்றுக்குத்தானே விலையே!

குற்றம் ஃபிளாஷுடையதல்ல, அது இருக்கும் இடத்தினுடையது. லென்ஸை ஒட்டியிருந்து நேராகப் பாயும் வெளிச்சம், நிழலைப் பொருளின் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. மேடு பள்ளத்தைக் காட்டுவது நிழல்தான். தனி ஃபிளாஷ் உள்ளவர்கள் அதன் தலையைப் பக்கவாட்டு வெள்ளைச் சுவருக்குத் திருப்பலாம். சுவரே பெரிய, மென்மையான விளக்காகிவிடும். கறுத்த மரக்கூரை பக்கம் திருப்பினால் அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும் என்பதால், சுவர் வழியாகச் சுற்றி வரும் ஒளிக்கு ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட வேண்டும்.

செல்போன் விளக்கைத் திருப்ப வழியில்லை. அதை அணைத்துவிட்டு, உருளியை வாசல் பக்கம் நகர்த்தித் தரச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்பதே மேல். விலை கேட்காத ஆசாமிக்கு அவர் எத்தனை உருளி நகர்த்துவார் என்பது வேறு விஷயம்.