பசை தடவாமல் மூளை அலையை அறியலாமா?

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை அறைக்குள் நுழையுமுன் தொழிலாளர், தரையுடன் இணைத்த உலோகத் தகட்டைத் தொடவேண்டும். ஏன்? வறண்ட காற்றில் ஆடை உரசினாலே உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்னழுத்தம் ஏறிவிடலாம். தகட்டைத் தொட்டதும் அந்த மின்னூட்டம் தரைக்கு இறங்கிவிடும். அவ்வளவு பெரிய அழுத்தத்தைத் தோலால் தடுக்க முடியாது.

நம் உடலில் மிக மெல்லிய மின்சாரமும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். தலைத்தோலில் இவ்வலைகளின் அளவு சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். 50 மைக்ரோவோல்ட் என்பது, டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் மின்கலத்தில் 30,000-இல் ஒரு பங்கு! தோலின் மேற்புறத்திலுள்ள, இறந்த செல்களாலான வறண்ட படலமே இதற்குப் பெருந்தடை.

ஆகவே மருத்துவமனையில் உப்புக் கலந்த பசை தடவி மின்வாய்களை ஒட்டுகிறார்கள். பசை அப்படலத்தை நனைத்து, மின்தடையைச் சில ஆயிரம் ஓம்களாகக் குறைக்கிறது. ஆனால் நேரம் செல்லச் செல்லப் பசை காய்ந்துவிடும். வலிப்பு நோயோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. அரைமணிச் சோதனையில் அகப்படாத அலை, நாள் முழுதும் பதிவு செய்தால் அகப்படக்கூடும்.

இங்கேதான் உலர் மின்வாய்கள் உதவுகின்றன. சீப்பின் பற்களைப் போன்ற இவற்றின் முனைகள், முடியினூடே சென்று தோலைத் தொடுகின்றன. தொடுமிடத்தின் தடை 5 லட்சம் ஓம் என்று கொள்வோம். அலையைப் பெரிதாக்கும் பெருக்கியின் உள்ளீட்டுத் தடையும் 5 லட்சம் ஓமானால், பாதி அலை வழியிலேயே இழக்கப்படும். அதுவே 100 கோடி ஓமானால், இழப்பு ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கே. ஓம் விதியைக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. தலை அசைந்தால் முனை நகர்ந்து பதிவு கெடும். பட்டாசு ஆலையில் தகட்டின் வழியே இறக்கிவிடும் அதே நிலைமின்னூட்டம், இங்கும் அலையைக் குழப்பும். ஆனால் சிறிது வியர்த்தால் நன்மையே; வியர்வையின் உப்புநீர் பசையின் வேலையைச் செய்கிறது!

ஒரு சோதனை: மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் உலர்ந்த விரல்களால் பிடியுங்கள். பிறகு விரல்களை உப்புநீரில் நனைத்துப் பிடியுங்கள். தடை எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு மின் இணைப்பின் அருகே மட்டும் இதைச் செய்யவே கூடாது.