மூளையலைப் பயிற்சியும் ஆயரின் ஆலோசனையும்

மனநலம் குன்றியோரின் குடும்பத்தார், மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் வினாக்களை ஆயரிடம் கேட்பதுண்டு. இந்நாட்களில் எழக்கூடிய அத்தகைய வினாக்களுள் ஒன்று, ‘நியூரோஃபீட்பேக்’ எனப்படும் மூளையலைப் பின்னூட்டப் பயிற்சியைப் பற்றியதாகும். மருந்தின்றி மூளையைச் சீராக்கும் முறை என இது விளம்பரப்படுத்தப்படுகிறது. ‘என் மகனை இதற்கு அனுப்பலாமா, ஐயா?’ என்று ஒரு தாய் வினவினால் நாம் என்ன விடை பகர்வோம்? அறியாமல் புகழ்வதும் தவறு. அறியாமல் இகழ்வதும் தவறு. ஆகவே இப்பயிற்சியின் இயல்பையும் வரலாற்றையும் ஆய்வு முடிவுகளையும் முறையே நோக்கி, அதன்பின் ஆயருக்குரிய கடமை யாதெனக் காண்போம்.

1. பயிற்சியின் இயல்பு

மூளையின் நரம்பணுக்கள் ஓயாமல் மின்துடிப்புகளை எழுப்புகின்றன. தலையின் தோல்மீது மின்வாய்களைப் பொருத்தி, இத்துடிப்புகளை அலைகளாகப் பதிவு செய்யலாம். ஜெர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் அதனை வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாயிருக்கும்போது நொடிக்கு 8 முதல் 12 வரை எழும் அலைகள் ஆல்ஃபா எனப்படும். அவற்றினும் மெதுவான தீட்டா அலைகள் அரைத்தூக்கத்தில் மிகுகின்றன; விரைவான பீட்டா அலைகள் விழிப்போடு செயலாற்றுகையில் மிகுகின்றன.

பயிற்சி பெறுவோர் ஒரு திரையின்முன் அமர்கிறார். கணிப்பொறி அவருடைய அலைகளை அக்கணமே அளக்கிறது. விரும்பப்படும் அலை மிகுந்தால் திரையிலுள்ள படம் ஓடும், அல்லது இனிய ஓசை எழும், குறைந்தால் நின்றுவிடும். நற்பயன் தரும் செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்னும் கற்றல் விதியே இதன் அடிப்படை. மூளைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை என்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும். வழக்கமாக 20 முதல் 40 அமர்வுகள் தேவை என்பர்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்னும் உளவியலார், தம் மூளையில் ஆல்ஃபா அலை எழுந்துள்ளதா இல்லையா என்பதை மனிதர் உணரக் கற்றுக்கொள்ள முடியும் எனக் கண்டார். 1960களில் லாஸ் ஏஞ்சலீசில் பாரி ஸ்டெர்மன், பூனைகள் அசையாது விழித்திருக்கையில் எழும் ஓர் அலையை, உணவைப் பரிசாக அளித்து மிகுவித்தார். பின்னர், வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருள் ஒன்றின் நச்சுத்தன்மையை ஆராய்ந்தபோது, இப்பயிற்சி பெற்ற பூனைகள் மற்றவற்றைவிட வலிப்பை எதிர்த்து நின்றன. எதிர்பாராத இக்கண்டுபிடிப்பின் விளைவாக, வலிப்பு நோயுற்ற ஒருவருக்கு இப்பயிற்சியை அளித்து, அதன் பயனை 1972இல் அவர் வெளியிட்டார். 1976இல் டென்னசியில் ஜோயல் லூபார், அமைதியின்றித் துள்ளித்திரியும் சிறுவர் ஒருவருக்கு இதனைப் பயன்படுத்தினார். ஆகவே இம்முறை ஏமாற்றாகத் தோன்றியதன்று. நேர்மையான ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாகும்.

3. ஆய்வுகள் கூறுவது

ஆயினும், நலமடைந்தவர் பயிற்சியினால்தான் நலமடைந்தாரா என்பது வேறு வினா. இதை அறிய, ஒரு சாராருக்கு உண்மைப் பயிற்சியும் மறுசாராருக்கு அதைப் போலவே தோன்றும் போலிப் பயிற்சியும் அளித்து ஒப்பிடவேண்டும். அமெரிக்காவில் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறுடைய, 7 முதல் 10 வயதுள்ள 142 சிறுவர்களிடம் இவ்வாறு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. போலிப் பயிற்சி பெற்றோருக்கு, முன்னரே பதிவு செய்யப்பட்ட வேறு அலைகளைக் கொண்டு பரிசளிக்கப்பட்டது. இரு சாராரும் நன்கு முன்னேறினர். ஆனால் உண்மைப் பயிற்சி போலியைவிடச் சிறந்ததாகக் காணப்படவில்லை. உறக்கமின்மை பற்றி ஆஸ்திரியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வும் இத்தகைய முடிவையே தந்தது. இக்கோளாறு பற்றிய 38 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான மதிப்பீடும், சில பகுதிகளில் சிறு பயன் காணப்படினும், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே முடிவு செய்தது.

எனில், போலிப் பயிற்சி பெற்ற சிறுவரும் முன்னேறியது எதனால்? நாளடைவில் இயல்பாக வரும் மாறுதல் ஒரு காரணமாகலாம். தவறாமல் சந்திப்பு, பரிவோடு கவனிக்கும் ஒருவர், பெற்றோரின் நம்பிக்கை ஆகியனவும் காரணங்களாகலாம். இவை அற்பமானவை அல்ல. இவற்றைத் தருவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையுமில்லை.

4. ஆயரின் கடமை

முதலாவது, மருந்தை நிறுத்தும்படி எவருக்கும் நாம் இடங்கொடுக்கலாகாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். இதை நாம் பாடமாகக் கற்றவர்கள். முன்னொரு நாள் வலிப்புற்ற ஒரு பிள்ளைக்காக நாம் மன்றாடினோம். மருந்தைத் தொடரும்படி சொல்லாமல் விடைபெற்றோம். ஜெபித்தபின் மருந்து எதற்கு என எண்ணிய குடும்பத்தார் அதை நிறுத்திவிட்டனர். ஒரு வாரத்தில் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேரிட்டது. நாம் சொன்ன சொல்லால் அன்று, சொல்லாமல் விட்டதால் அத்தீங்கு நேர்ந்தது.

இரண்டாவது, கடன் வாங்கிச் செல்ல முனைவோரைத் தடுத்து, பயிற்சியளிப்போரின் தகுதி யாது, மொத்தச் செலவு எவ்வளவு, முன்னேற்றம் காணாவிடில் எப்போது நிறுத்துவது என்பவற்றை முதலில் கேட்டறியச் சொல்லவேண்டும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமும் இதுபற்றிக் கலந்தாலோசிக்கவேண்டும்.

மூன்றாவது, மிக நுண்ணியது. தன் மூளையைத் தானே திருத்திக்கொள்ளும்படி நோயாளியிடம் கேட்கும் முறை இது. எனவே பலன் கிட்டாதபோது, ‘நீ சரியாக முயலவில்லை’ என்ற பழி அவர்மீதே விழக்கூடும். திருச்சபையும் இப்பிழைக்குத் தப்பியதன்று. குணமாகாதவரை நோக்கி, ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று நம்மில் பலர் கூறியிருக்கிறோம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் என வினவியபோது, ஆண்டவர் அவ்வினாவையே ஏற்கவில்லை (யோவான் 9). கிருபையைப் போதிக்கும் நாம், நோயின் சுமையோடு தோல்வியின் சுமையையும் நோயாளியின் தோளில் ஏற்றலாமோ?

ஆகவே அத்தாய் வினவும்போது, நாம் அறிந்ததை மறைக்காமல் கூறுவோம். அவர் பயிற்சியைத் தெரிந்துகொண்டாலும் தெரிந்துகொள்ளாவிட்டாலும், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவ்வீட்டிற்குச் சென்று, அச்சிறுவனோடு சற்றுநேரம் அமர்ந்திருப்போம்.