2 வருஷத்துக்குச் செய்த இன்ஜின், 80 வருஷம் கழித்தும் ஓடுவது எப்படி?

ரயில் நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கும் பழைய நீராவி இன்ஜின் முன்னால் நீங்களும் செல்ஃபி எடுத்திருப்பீங்க. அது மறுபடி ஓடுமா என்று யோசித்ததுண்டா? ஓட வைக்க என்னவெல்லாம் வேணும்? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த ஒரு ஷண்டிங் இன்ஜினின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

ஷண்டிங் இன்ஜின் என்றால்?

இது ஊர் ஊராகப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இன்ஜின் இல்லை. சுரங்கம், துறைமுகம், ஆலை வளாகங்களில் சரக்கு வேகன்களைத் தள்ளி, இழுத்து, பிரித்து, சேர்ப்பதுதான் இதன் வேலை. வேகம் முக்கியமில்லை, இழுவைதான் முக்கியம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஹன்ஸ்லெட் நிறுவனம் வடிவமைத்ததுதான் 'ஆஸ்டெரிட்டி' இன்ஜின். பெயருக்கு 'சிக்கனம்' என்று பொருள். குறைந்தது இரண்டு ஆண்டு கடும் உழைப்பைத் தாங்கினால் போதும் என்பதே அன்றைய கணக்கு. 1943 முதல் 1947 வரை 370-க்கும் மேல் தயாராகின.

எடை சுமார் 48 டன், சக்கரம் ஆறு. தண்ணீர்த் தொட்டி குதிரைச் சேணம் மாதிரி பாய்லர் மேல் வளைந்திருக்கும். அதிலுள்ள 5,000 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரின் எடை சக்கரங்களை அழுத்துவதால், கனமான வேகன்களை இழுக்கும்போது வழுக்காது.

போர் முடிந்ததும் 75 இன்ஜின்களை ஒரு ரயில் நிறுவனம் வாங்கியது. பல இன்ஜின்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயின. அங்கே நன்றாக உழைத்ததால் 1964 வரை புதிதாகவும் செய்தார்கள். பிரிட்டனின் பொது ரயில் பாதைகளில் 1968-லேயே நீராவி இன்ஜின் நின்றுவிட்டது. ஆனால் சில சுரங்கங்களில் 1980-களின் தொடக்கம் வரை இவை புகை விட்டன. எரிபொருள்தான் காலடியிலேயே கிடைக்கிறதே!

பாதுகாப்பு என்பது பெயின்ட் அடிப்பதா?

இல்லைங்க. இன்று சுமார் 70 ஆஸ்டெரிட்டிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஓட்ட, முதலில் பாய்லர் பத்திரமாக இருக்கணும். ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதிகபட்சம் 10 ஆண்டில் குழாய்களைக் கழற்றி முழுமையாகச் சோதிக்கணும். தேறாவிட்டால் நெருப்பு மூட்டவே அனுமதி இல்லை. நெருப்பையும் பல மணி நேரம் மெதுவாகத்தான் மூட்டணும். அவசரப்பட்டால் உலோகம் சீரில்லாமல் விரிந்து கசியும்.

இதையெல்லாம் பெரும்பாலும் செய்வது தன்னார்வலர்கள். லீட்ஸிலேயே உள்ள மிடில்டன் ரயில் பாதையை 1960 முதல் அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

நமக்கும் இதில் பெருமை உண்டு. 1855-ல் அதே லீட்ஸில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர்.-21 இன்ஜின், பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது. அதை 2010-ல் மறுபடி ஓட வைத்தது சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை!

நீங்கள் செய்யக்கூடியது

• காட்சிக்கு நிற்கும் இன்ஜின் மேல் ஏறாதீங்க, பெயர் கிறுக்காதீங்க. பெயின்ட் உரிந்த இடத்தில்தான் துரு பிடிக்கும்.
• உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நீராவி இன்ஜின் டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர் இருந்தால், அவர் அனுபவத்தைச் சொல்லச் சொல்லி, அனுமதியோடு போனில் பதிவு செய்யுங்க.

இரும்பைப் புதிதாக வார்க்கலாம். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லும் அந்தக் கைப்பழக்கம் போனால் திரும்ப வராது.