வண்டி ஏற அஞ்சும் நாய்

நான் வாழும் திண்டிவனம் பல சாலைகள் கூடும் ஊர். சென்னைக்கும், விழுப்புரத்திற்கும், புதுச்சேரிக்கும், செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கும் இங்கிருந்து வழி பிரிகின்றது. இவ்வூரில் நாய் வளர்ப்போர் பலர் என்னிடம் கூறும் குறை ஒன்று உண்டு: "வீட்டில் நன்றாக இருக்கும் நாய், காரில் ஏற்றினால் வாந்தி எடுக்கின்றது, இனி அதை எங்கும் அழைத்துச் செல்லப் போவதில்லை."

இது சிறு தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் வண்டி ஏறாத நாய் மருத்துவமனைக்குப் போகாத நாயாகிவிடுகின்றது. வெறிநோய்த் தடுப்பூசியும் தவறிப்போகின்றது. வெறிநோயோ, அதன் குறிகள் தோன்றியபின் மனிதரையும் விலங்கையும் ஏறத்தாழத் தவறாமல் கொல்லும் நோய். ஆதலால் நாயின் குமட்டலைத் தீர்ப்பது வீட்டாரின் உயிரையும் காக்கும் செயலாகும்.

இக்குமட்டல் எங்கிருந்து வருகின்றது? வயிற்றிலிருந்து என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது செவியிலிருந்து வருகின்றது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் நிறைந்த நீர், தலை திரும்புந்தோறும் அசைந்து, அச்செய்தியை மூளைக்கு உணர்த்துகின்றது. 1882-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், செவிப்புலன் இழந்த 519 பேரைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்தார். அவர்களுள் 186 பேருக்குச் சுழற்றினாலும் தலைசுற்றல் சிறிதும் உண்டாகவில்லை. உட்செவி பழுதுற்றவர்க்கு மயக்கம் இல்லை என்பதிலிருந்து, மயக்கத்தின் பிறப்பிடம் எதுவென விளங்குகின்றது அன்றோ?

காரின் பின்புறம் தரையில் படுத்திருக்கும் நாயின் கண்ணுக்குக் கதவும் இருக்கையும் அசையாமல் நிற்கின்றன. செவியோ, "திரும்புகிறோம், குலுங்குகிறோம்" என்கின்றது. இரு சாட்சிகள் முரண்படும்போது மூளை குழம்புகின்றது, குமட்டல் எழுகின்றது. குட்டிகளுக்கு இத்தொல்லை மிகுதி. வளர வளரப் பலவற்றிற்குத் தானே நீங்கிவிடும்.

நாய் வலிமையற்றது என்பதால் இது வருவதன்று. 1960 ஆகஸ்டில் சோவியத் நாடு பெல்கா, ஸ்ட்ரெல்கா என்னும் இரு நாய்களை விண்வெளிக்கு அனுப்பியது. தேர்ந்தெடுத்துப் பழக்கப்பட்ட அவற்றுள் பெல்கா, பூமியை நான்காம் முறை சுற்றும்போது வாந்தி எடுத்தது. பழகிய பெல்காவுக்கே இந்நிலை எனின், நம் தெரு நாயை நோவானேன்?

இதற்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு, அது நினைவு. உணவின் அறிகுறியைக் கண்டதுமே நாய்க்கு வாய்நீர் சுரப்பதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் ஆராய்ந்து காட்டினார். அவ்வாறே, இரண்டு மூன்று முறை காரில் துன்புற்ற நாய், நிற்கும் காரைக் கண்டதுமே எச்சில் ஒழுக்கும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், நடுங்கும். சக்கரம் இன்னும் சுழலவில்லை. ஆயினும் நோய் தொடங்கிவிட்டது. செவி தேறிய பின்னும் அச்சம் தேறாமல் நிற்பது இதனாலேயே.

பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே நீக்க வேண்டும். எங்கள் வீட்டு நாய்க்கு நாங்கள் கையாண்ட முறை இது. முதல் வாரம் எந்திரம் ஓடாத காரில் ஏற்றி, விருப்பமான தின்பண்டத்தில் சிறிது கொடுத்து இறக்கினோம். அடுத்த வாரம் எந்திரத்தை ஓடவிட்டோம், கார் நகரவில்லை. மூன்றாம் வாரம் தெருக்கோடி வரை. பின்னர்ப் படிப்படியாக மயிலம் வரை சென்று, இறக்கி உலாவவிட்டுத் திரும்பினோம். எச்சில் ஒழுகத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்கினோம். ஒவ்வொரு பயணமும் ஊசியில் முடிந்தால் அச்சம் எவ்வாறு நீங்கும்? ஆதலால் சில பயணங்கள் விளையாட்டில் முடிய வேண்டும்.

பயண நாளில் கருத வேண்டியவை சில. புறப்படுவதற்கு முன் சில மணி நேரம் உணவு வேண்டா, தண்ணீர் தரலாம். நாய் முன்னோக்கி இருக்குமாறு வாரிட்டு அமர்த்துக. கண்ணாடியைச் சிறிது இறக்கிக் காற்று வரவிடுக. தலையை வெளியே நீட்டவிடலாகாது. இடையிடையே நிறுத்தி நடக்கவிடுக. நிறுத்திய காரில் நாயைத் தனியே விட்டுச் செல்லாதீர். வெயிலில் அது உலையாகி உயிரைப் பறிக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் குமட்டல் நீங்காவிடில் கால்நடை மருத்துவரை நாடுக. மூளையின் வாந்தி மையத்தைத் தடுக்கும் மாரோபிடன்ட் என்னும் மருந்து நாய்களுக்கென்றே அமெரிக்காவில் 2007-இல் ஒப்புதல் பெற்றது. அளவை மருத்துவரே கூற வேண்டும். மனிதருக்குரிய மாத்திரையை நாமே கொடுத்தல் தவறு. காரில் இல்லாதபோதும் வாந்தி எடுத்தால் அது வேறு நோயாகும்.

திண்டிவனத்திலிருந்து, 1903-இல் தொடங்கப்பெற்ற வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எலும்பு முறிந்த நாயை ஒருநாள் அங்குக் கொண்டுசெல்ல நேரிடலாம். வலியோடு வண்டியின் அச்சமும் சேர்ந்தால் அவ்வுயிர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். நலமாக இருக்கும் நாட்களிலேயே, நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி அதனைப் பழக்குங்கள். வாய் பேசாத உயிருக்கு நாம் கற்பிக்கும் பாடத்தில் பொறுமையே பாதி.