நடைபாதை உணவும் ஆய்வுக்கூடமும்

தென் கொல்கத்தாவிலுள்ள கரியாஹாட் சந்திப்பின் நடைபாதைகளில் சேலைகளும் பாத்திரங்களும் விற்பனையாவதைப் போலவே முட்டை ரோலும், புச்கா எனப்படும் பானிபூரியும், சோறும் மீன் குழம்பும் விற்பனையாகின்றன. அலுவலக ஊழியர், மாணவர், கூலித் தொழிலாளர் எனப் பலரது பகல் உணவு இக்கடைகளையே சார்ந்துள்ளது.

உணவுப் பாதுகாப்பிற்காகப் பல்கலைக் கழகமும் அரசும் தொழில்துறையும் இணைந்து செயற்பட வேண்டும் என்று பேசும்போது, தொழில்துறை என்றதும் பெரிய ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. ஓர் அடுப்பையும் இரண்டு வாளித் தண்ணீரையும் மூலதனமாகக் கொண்ட நடைபாதை வணிகரும் அத்துறையைச் சேர்ந்தவரே. ஆனால் அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. மற்ற இரு தரப்பினரின் பொறுப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது.

இத்துறையில் கொல்கத்தாவுக்கு நல்ல அனுபவம் உண்டு. 1932-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியச் சுகாதார, பொது நலவாழ்வு நிறுவனம், ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவுடன் 1990-களில் நகரின் தெருவோர உணவை ஆராய்ந்தது. 500 கிராம் எடையுள்ள ஒரு வேளை உணவில் ஏறத்தாழ 1,000 கலோரி ஆற்றலும் 20 முதல் 30 கிராம் வரை புரதமும் இருப்பது தெரிய வந்தது. குறைந்த வருவாயுடையோருக்கு இது சிறிய அளவன்று. அதேசமயம், நோய்க் கிருமிகளும் மெட்டனில் மஞ்சள் போன்ற அனுமதிக்கப்படாத சாயங்களும் கண்டறியப்பட்டன. ஆகவே கடைகளை அகற்றினால் சத்துணவு போகும். அப்படியே விட்டால் நோய் பரவும்.

எனினும் 1996 நவம்பரில் மேற்கொள்ளப்பட்ட ‘ஆபரேஷன் சன்ஷைன்’ நடவடிக்கையில் கரியாஹாட் உட்படப் பல இடங்களில் கடைகள் அகற்றப்பட்டன. நாளடைவில் வணிகர்கள் திரும்பினர். நாளை தம் இடம் பறிபோகலாம் என்று அஞ்சுபவர் மூடியுள்ள நீர்த்தொட்டிக்குப் பணம் செலவிட மாட்டார். இது சாதாரணப் பொருளாதாரமே. இவ்வகையில், நகர விற்பனைக் குழுவில் வணிகர்களுக்குக் குறைந்தது 40 சதவீத இடமளிக்கும் 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு இணையான பயனுடையது எனலாம்.

கரியாஹாட்டுக்குத் தெற்கே சிறிது தொலைவில் ஜாதவ்பூர் பல்கலைக் கழகம் அமைந்துள்ளது. அங்கு உணவுத் தொழில்நுட்பத்திற்கெனத் தனித் துறை உண்டு. இத்தகைய துறைகள் வணிகர்களுக்குக் கற்பிக்கக்கூடிய சோதனைகள் எளியவை. மஞ்சள் தூள் கரைசலில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நீர் சேர்த்ததும் அது மறைந்தால் தூய மஞ்சள், மறையாவிடில் மெட்டனில் மஞ்சள் கலந்துள்ளது என்று ஐயுறலாம். சமைத்த சோற்றிலும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் அழிவதில்லை. எனவே சோற்றை 60 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

புச்காவின் நிலை வேறு. உருளைக்கிழங்கைக் கையால் பிசைந்து, புளிநீரில் முக்கித் தருகின்றனர்; அதன்பின் சூடேற்றுவதே இல்லை. கேடு வருமாயின் கையாலும் தண்ணீராலுமே வரும். அருகில் குழாய் இல்லாத வணிகருக்கு எத்தனை பயிற்சி அளித்தாலும் பயன் குறைவே. அக்குழாயின் செலவை மாநகராட்சி முழுவதும் ஏற்பதா, வணிகர் சங்கங்களும் பகிர்ந்து கொள்வதா என்பது நகர விற்பனைக் குழுவில் பேசி முடிவு காண வேண்டியதாகும்.