முன் பிரேக் எந்தக் கையில்?

28 அங்குலச் சக்கரமும் 20 கிலோவை ஒட்டிய எடையுமாக ஊரெங்கும் ஓடிய அந்தக் கறுப்புச் சைக்கிளில், முன் பிரேக் எந்தக் கையில் என்று ஒருவரும் கேட்டதில்லை. வலக்கையில்தான். 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பிரிட்டிஷ் நிறுவனத்தின் கூட்டோடு ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தபோது அந்நாட்டு வழக்கமும் கூடவே வந்தது. சாலையின் இடப்பக்கம் போகும் ஊரில், வலப்புறம் திரும்பக் கை காட்டுபவருக்கு இடக்கையில் பின் பிரேக் மிஞ்சும்; அதைப் பிடித்தால் வண்டி தடுமாறாது. அந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

அந்த வண்டியின் ராடு பிரேக்கில் கையை மாற்றவும் வழியில்லை. வலப்பிடியின் கம்பி நேராக முன் ஃபோர்க்குக்கு இறங்கும். இடப்பிடியின் கம்பி மடங்கி மடங்கி, பெடல் அச்சருகே போய், பின் சக்கரத்தை எட்டும். பிடியை அழுத்தினால் லாடம் போன்ற இரும்பு வளைவு மேலே இழுபடும்; அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் பதியும். ரிம் சற்றுக் கோணியிருந்தாலும் பாதகமில்லை. கட்டை தேய்ந்தால் தெருமுனைக் கடையில் ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்தது. மழை வந்தால்தான் சங்கடம். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினார்கள். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததில், வலக்கை பெரும்பாலும் சும்மாவே இருந்தது. கேரியரில் மூட்டையோ ஆளோ இருந்த நாட்களில், பின் சக்கரத்தின் மேல் பாரம் இருந்ததால் அந்தப் பழக்கம் ஓரளவு செல்லுபடியும் ஆனது.

இன்று பாரம் குறைந்தது, பிரேக் வலுத்தது. வேகம் தணியும்போது எடை முன்னே சாய்வதால், உலர்ந்த சாலையில் முன் பிரேக் மட்டுமே பிடித்தாலும், பின் பிரேக்குக்கு வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய பாதியில் வண்டி நிற்கும். டிஸ்க் பிரேக் என்றால் மழையிலும் ஒற்றை விரல் போதும். எத்தனையோ பேரைக் காப்பாற்றக்கூடிய மாற்றம் இது. அதே விரல் திடீரென இறுக்கினால், பெரியவர்கள் அன்று சொன்னது இன்று நடந்துவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான், முன் பிரேக் எந்தக் கையில் என்பது நிலையில்லாமல் போயிருக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு விதியும் முன் பிரேக்கை வலக்கைக்கே தருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இடக்கை. நம் ஊரில் இப்போது இரண்டும் கலந்து ஓடுகின்றன. நான் வலக்கையின் பக்கம். பைக்கிலும் ஸ்கூட்டரிலும் முன் பிரேக் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஸ்கூட்டரும் மாலையில் சைக்கிளும் ஓட்டுபவரின் முன்னே ஒரு குழந்தை ஓடிவந்தால், யோசிக்க நேரமிருக்காது. பழகிய கைதான் பிடிக்கும். கேபிள் பிரேக்கைக் கடையிலேயே எளிதாக மாற்றிப் பொருத்தலாம். ஆயில் பிரேக்கில் குழாயைக் கழற்றினால் காற்று புகுந்துவிடும். அதை எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும்.

அன்று வாடகை சைக்கிளை வாங்கியவர் அப்படியே ஏறி மிதித்தார். இன்று பழகாத வண்டி கைக்கு வந்தால், ஏறுமுன் வலப்பிடியை அழுத்தி, வண்டியைச் சற்று உருட்டி, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.