பட்டம் கொடுப்பவர்கள், தடுப்பவர்கள்

பல்கலைக்கழகம் இயங்கும் விதம் – 14

தேர்வு எழுதாமல், ஆய்வேடு கொடுக்காமல், வகுப்பறைப் பக்கமே போகாமல் ஒருவருக்குக் கிடைக்கும் பட்டம் கௌரவப் பட்டம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் இந்த வழக்கம் இருந்தது. அங்கே முதலில் இதைப் பெற்றவராகச் சொல்லப்படும் லயனல் உட்வில், அரசர் நான்காம் எட்வர்டின் மைத்துனர். அமெரிக்காவில் ஹார்வர்டு 1692இல் தொடங்கிவைத்தது. பெற்றுக்கொண்ட இன்கிரீஸ் மாதர் அப்போது ஹார்வர்டின் தலைவராகவே இருந்தார். செல்வாக்குக்கும் இந்தப் பட்டத்துக்கும் உள்ள உறவு பிற்காலத்தில் முளைத்தது என்று யாரும் வருந்தத் தேவையில்லை.

பட்டத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆசிரியர்களோ முன்னாள் மாணவர்களோ ஆட்சிமன்ற உறுப்பினர்களோ ஒரு பெயரைப் பரிந்துரைப்பார்கள். சிறு குழு ஒன்று அதைப் பரிசீலித்துச் சலித்தெடுக்கும். மேலே உள்ள மன்றம் ஒப்புதல் தரும். அதற்குப் பிறகுதான் உரியவருக்குக் கடிதம் போகும். அதுவரை பரிந்துரைக்கப்பட்டவருக்கே விஷயம் தெரியக் கூடாது என்பது பரவலான விதி. பெயர் வெளியே கசிந்து, பிறகு நிராகரிக்கப்பட்டால் இரு தரப்புக்கும் அவமானம். பல இடங்களில் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஹார்வர்டு தன் பட்டியலைப் பட்டமளிப்பு விழா நெருங்கும்வரை வெளியே விடுவதில்லை.

இந்தப் படிகளில் பெயரைச் சொல்லுகிறவர் யார் என்பதைவிட, மறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே ஒரு பல்கலைக்கழகத்தை அடையாளம் காட்டும். இதற்கு ஆக்ஸ்ஃபோர்டைப் போல வேறு உதாரணம் கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்டின் கௌரவப் பட்டங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ‘என்சீனியா’ என்ற விழாவில், கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த ஷெல்டோனியன் அரங்கில் வழங்கப்படுகின்றன. ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திப் பல்கலைக்கழகப் பேச்சாளர் லத்தீனில் உரையாற்றுவார். அரசியல், பொதுவாழ்வு என்றால் உரிமையியல் சட்ட முனைவர். எழுத்தாளருக்கு இலக்கிய முனைவர். அறிவியலுக்கும் இசைக்கும் தனித்தனி. ஒரே ஒருமுறை இந்த லத்தீன் சாந்திநிகேதனில் ஒலித்தது. 1940 ஆகஸ்ட் 7 அன்று, உடல்நலம் குன்றியிருந்த தாகூருக்காக ஆக்ஸ்ஃபோர்டு அங்கேயே விழா நடத்தியது. இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த மாரிஸ் குவையரும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகளாக வந்தார்கள். லத்தீன் வரவேற்புக்குத் தாகூர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆட்சிமன்றம் முன்மொழிந்தாலும் முடிவு ஆசிரியர்கள் அடங்கிய பொதுப் பேரவையிடம் இருந்தது. வழக்கமாக அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. 1956இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் பெயர் வந்தபோது தத்துவ ஆசிரியை எலிசபெத் ஆன்ஸ்கோம் எழுந்து எதிர்த்தார்: ஹிரோஷிமா, நாகசாகி மீது குண்டு போட உத்தரவிட்டவரைக் கௌரவிக்கக் கூடாது என்றார். அவருடன் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ட்ரூமன் பட்டம் பெற்றுக்கொண்டு ஊர் போனார். 1975இல் நிலைமை மாறியது. ஆக்ஸ்ஃபோர்டிலேயே படித்த பாகிஸ்தான் பிரதமர் சுல்ஃபிகர் அலி பூட்டோவின் பெயர், வங்கதேசத்தில் நடந்த படுகொலைகளைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டது.

ஆனால் உலகமே கவனித்தது 1985 ஜனவரி 29. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் வேதியியல் படித்தவர். போருக்குப் பின் பிரதமரான ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் எல்லாருக்கும் தாய்ப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்திருந்தது. இவருக்கும் சம்பிரதாயமாக முடிந்துவிடும் என்றுதான் ஆட்சிமன்றம் நினைத்திருக்கும். ஆனால் அவரது அரசு கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தந்த நிதியை வெட்டியிருந்தது. எதிர்ப்பு கலைத்துறைகளில் மட்டும் இருந்திருந்தால் இடதுசாரிக் கோபம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆய்வகப் பணத்தை இழந்த அறிவியலாளர்களும் மருத்துவத் துறையினரும் திரண்டு வந்தார்கள். ஆதரவாக 319 வாக்குகள், எதிராக 738. கொடுக்க விருப்பமில்லாதவர்களிடம் பெற்றுக்கொள்ளத் தமக்கும் விருப்பமில்லை என்ற பொருளில் பிரதமர் தரப்பு பதில் சொன்னது. கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவருடைய ஆவணங்கள் போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரி.

அமெரிக்காவில் வழக்கு வேறு. அங்கே இந்த அதிகாரம் அறங்காவலர் குழுவிடம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஆலோசனைக் குழுவில் இடம்பெறலாம், அவ்வளவே. பட்டம் பெறுபவரே விழாப் பேச்சாளராகவும் இருப்பது அங்கே சகஜம். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவுக்கான மறுசீரமைப்புத் திட்டத்தை அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5 அன்று, ஹார்வர்டில் கௌரவப் பட்டம் பெற வந்த இடத்தில்தான் வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு கௌரவப் பட்டமே கொடுப்பதில்லை. ஆனால் விழாப் பேச்சாளரைத் தேடுவதில் இறுதியாண்டு மாணவர் தலைவர்களுக்கு அங்கே பங்குண்டு. 2005இல் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசியது அப்படித்தான்.

மாணவர்களைக் கேட்காத இடங்களில், எதிர்ப்பு அறிவிப்புக்குப் பிறகு வெடிக்கிறது. 2014இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸை அழைத்தது. கௌரவப் பட்டத்தோடு 35,000 டாலர் சன்மானம். இராக் போரில் அவருடைய பங்கைச் சொல்லி ஆசிரியர் மன்றம் அழைப்பைத் திரும்பப் பெறக் கோரியது. மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். மே மாதத்தில் ரைஸ் தாமாகவே விலகிக்கொண்டார். பேச்சாளருக்குப் பணம் தருவதும் ரட்கர்ஸுக்குப் புதிய பழக்கம்தான். 2011இல் எழுத்தாளர் டோனி மாரிசனுக்குத் தந்த 30,000 டாலர்தான் அங்கே முதல் சன்மானம். அழைப்பையே பெருமையாக நினைக்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் நிறுவனங்கள் சன்மானம் தருவதில்லை.

வாங்கும் தகுதி இன்னும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன விசித்திரமும் நடந்திருக்கிறது. 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவைப் பேச அழைத்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், அவருடைய சாதனைகள் இனிமேல்தான் வரவேண்டும் என்று கூறிக் கௌரவப் பட்டம் தரவில்லை. கேலி தாங்காமல் ஓர் உதவித்தொகைத் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது.

தமிழ்நாட்டின் பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் பாதை சட்டத்தில் வகுக்கப்பட்டது. சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு பரிந்துரைக்க வேண்டும், செனட் ஏற்க வேண்டும், வேந்தர் உறுதிசெய்ய வேண்டும். கல்வியாளர்கள் நிறைந்த இரண்டு மன்றங்கள் சம்மதித்தாலும், வேந்தரான ஆளுநரின் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 738 பேருக்கு இருந்த அதிகாரம் இங்கே ஒருவரிடம் இருக்கிறது.

2023இல் அது நேரடியாகவே தெரிந்தது. சுதந்திரப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டும் செனட்டும் தீர்மானம் நிறைவேற்றின. சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு கைதானதால் பி.ஏ. பட்டம் அவருக்குக் கைகூடவில்லை. இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்திருக்கும். வேந்தரின் ஒப்புதல் வரவில்லை. நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று சங்கரய்யா காலமானார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்தது இன்னொரு கதை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் அரங்கில் தனியார் அமைப்பு ஒன்று திரைக்கலைஞர்கள் உள்ளிட்ட பலருக்கு ‘கௌரவ டாக்டர்’ பட்டம் கொடுத்தது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் செய்தது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, சட்டம் அனுமதித்த நிறுவனம் தவிர வேறு யாரும் பட்டம் தர முடியாது. கௌரவப் பட்டம் பெற்றவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மரபு. தமிழ்நாட்டுச் சுவரொட்டிகள் அந்த மரபை என்றைக்கும் மதித்ததில்லை. போலிப் பட்டத்துக்குச் சந்தை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சங்கடமெல்லாம் வேண்டாம் என்று வாசலையே சாத்திக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் கௌரவப் பட்டம் தருவதில்லை. கார்னெல் 1886இல் இரண்டே இரண்டு பட்டங்கள் கொடுத்தது, அதோடு நிறுத்திவிட்டது.

கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எல்லாவற்றிலும் கடினம், ஏனெனில் பழைய விதிமுறைகள் பலவற்றில் அதற்கு இடமே கிடையாது. ஜிம்பாப்வேயின் ஆட்சித் தலைவர் ராபர்ட் முகாபேவுக்கு 1984இல் தந்த பட்டத்தை எடின்பரோ 2007இல்தான் பறித்தது. அதற்குமுன் அந்தப் பல்கலைக்கழகம் அப்படிச் செய்ததில்லை. மூன்று நூற்றாண்டு வரலாற்றில் யேல் முதன்முதலாக ஒரு பட்டத்தை ரத்து செய்தது 2018இல், நடிகர் பில் காஸ்பி பாலியல் வழக்கில் குற்றவாளியென்று தீர்ப்பான பிறகு. 2021இல் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை, வழக்கு நடத்திய முறையில் இருந்த கோளாறு காரணமாக ரத்து செய்தது.